அப்பா இழுத்துப் பார்த்த பட்டை

அந்தப் பட்டையைத் தளர்த்தியது நான்தான்.

அப்பா சரியாகத்தான் இழுத்துக் கட்டினார். அவர் கையில் எந்தப் பிழையும் இல்லை. இது ஒருவருக்கும் தெரியாது... அவருக்குமே தெரியாது. இப்போது அவர் இல்லை. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. சுமந்து சுமந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

என் அப்பா சவரிமுத்து. ஏற்காட்டு மலையில் நாகலூர்க்காரர். காப்பி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு ஆற்றோடு என்ன உறவு என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் மலையில் ஏரி உண்டு, அருவி உண்டு. படகு விடும்படியான ஆறு கிடையாது. வயிற்றுப்பாட்டுக்காகக் குடகுப் பக்கம் ஒரு முகாமுக்குச் சமையல்காரராகப் போனார். மழைக்காலத்தில் நுரைத்துப் பாயும் ஆற்றில், ரப்பர் படகில் ஆட்களை ஏற்றி, பாறைகளுக்கு நடுவே ஓட்டிச்செல்லும் முகாம் அது. சோறு வடிக்கப் போனவர் சில மழைக்காலங்களில் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டார். கைடு சவரி என்றால் அங்கே தெரியாத ஆள் இல்லை!

மழை ஓய்ந்து காப்பிப் பழம் சிவக்கும்போது ஊர் திரும்புவார். வீடே கலகலவென்று ஆகிவிடும். ஆற்றில் ஒரு சுழலுக்கு அம்மாவின் பெயரையே வைத்திருந்தார். "மேலாப்புல பாத்தா நொம்ப சாதுங்க. உள்ள போனாத்தான் தெரியும், ஆளையே கவுத்திப்போடும்" என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள். அவருடைய படகில் வந்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அவரைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். பயந்தவர்களை அவர் ஒருநாளும் கேலி செய்ததில்லை. "பயப்படுங்க, தப்பில்லீங்க. ஆனா துடுப்பை மட்டும் உட்றாதீங்க" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு விளையாட்டு கிடையாது. லைஃப் ஜாக்கெட்!

கரையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார். பக்கவாட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குவார். பெண்கள் என்றால், "இழுக்கலாமுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். பிறகு ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து ஆளையே மேலே தூக்கிப் பார்ப்பார். ஜாக்கெட் நழுவி மேலே வந்தால் மறுபடியும் இறுக்குவார். மூச்சு முட்டுகிறது என்று சொன்னால், "முட்டட்டுமுங்க, மூச்சு இருக்குதுன்னு அர்த்தம்" என்பார்.

பத்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் என்னையும் அங்கே கூட்டிப்போனார். அன்று படகில் கல்லூரிப் பெண்கள். நல்ல உடைகள், நுனிநாக்கு ஆங்கிலம், கையில் கேமரா. நான் வரிசையின் கடைசியில் நின்றேன். "இது என்ற மகளுங்க!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார் அப்பா. பட்டைகளை இழுத்தார். தூக்கினார். என் கால் தரையை விட்டு எழும்பியது. அந்தப் பெண்கள் சிரித்தார்கள்.

நல்ல சிரிப்புத்தான் அது, இன்று யோசித்தால் தெரிகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அரிசி மூட்டையா நான்? இத்தனை பேர் முன்னால் இப்படித் தூக்குவாரா? ஜாக்கெட்டில் யாருடையதோ பழைய வியர்வை நாற்றம் வேறு... இறுக்கத்தில் உடம்பு எப்படித் தெரிகிறதோ என்ற கூச்சம் வேறு.

ஆற்றுக்கு இறங்கும் பாதையில் நான் பின்தங்கினேன். ஒரு மூங்கில் புதருக்குப் பின்னால் நின்று எல்லாப் பட்டைகளையும் தளர்த்தினேன். ஒன்றைக்கூட விடவில்லை. அவர் இறுக்கினார் என்பதற்காகவே தளர்த்தினேன்! இதுதான் நான் செய்தது.

அம்மாவின் பெயர் கொண்ட அந்தச் சுழலில்தான் படகு பாறையில் மோதியது. நான் தெறித்து விழுந்தேன். ஜாக்கெட் என் தலைக்கு மேலே ஏறி, கழன்று, தனியே மிதந்து போனது. தண்ணீருக்குள் சத்தம் இல்லை. அதை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை.

வழிகாட்டி படகை விட்டுக் குதிக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அப்பா குதித்தார். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். படகுக்கும் பாறைக்கும் நடுவே அவருடைய இடது தோள் நசுங்கியது. பின்னால் இன்னொரு படகில் வந்த மாதையன் அண்ணன்தான் எங்களைக் கரை சேர்த்தார், அந்தப் பெண்களையும்.

கரை ஒதுங்கிய ஜாக்கெட்டை முகாம் முதலாளி எடுத்துவந்தார். பட்டைகள் நீளநீளமாகத் தொங்கின. "என்ன சவரி, சொந்தப் பொண்ணுக்கே பாக்கலியா?" என்றார்.

"இழுத்தாப்பல இருக்குதுங்களே..." என்றார் அப்பா. ஜாக்கெட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"இல்லீங்க. நாந்தான் உட்டுட்டேன். நம்ம புள்ளதானேன்னு அசால்ட்டா இருந்துட்டனாட்ட இருக்குது" என்றார். அந்தப் பெண்கள் அதற்குள் ஆளாளுக்கு அழுதுகொண்டே பஸ் ஏறிப் போயிருந்தார்கள். அவர் இழுத்ததைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

அந்தத் தோள் பிறகு மேலே எழும்பவே இல்லை. மறு மழைக்கு அவர் போகவில்லை. கூப்பிட்டும் போகவில்லை... "சொந்தப் புள்ளையவே பாக்காதவன், ஊரான் புள்ளைய எப்படிங்க ஏத்திக்கிட்டுப் போறது?" என்றார். எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். மழை கொட்டும் நாட்களில் நாற்காலியில் அமர்ந்தபடி கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்துவார். படகில் பிடிமானத்துக்குச் செய்வது அது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் நடப்பேன்.

ஏன் சொல்லவில்லை? நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. அவர் என்னை அடிப்பார் என்றா பயம்? கை ஓங்காத மனிதர் அவர்! அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். அந்தப் பார்வைக்காக ஆற்றையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் முன் முழங்காலிட்டுப் பொய், பொறாமை, கோபம் என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் சொல்லுவேன். இதைச் சொன்னதில்லை.

பிறகு எனக்கு ஒண்டிக்கடை பக்கம் ஒரு விடுதியில் வேலை கிடைத்தது. தினமும் ஸ்கூட்டரைக் கிளப்புமுன் அப்பா வருவார். என் மோவாயின் கீழ் ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை இழுத்துவிட்டு, சந்தேகம் தீராமல் மறுபடியும் இழுப்பார். "இறுக்கமா இருக்குதா கண்ணு?" என்பார். "இருக்குதுங்கப்பா" என்பேன். அந்த விரல்கள் தினமும் என் தொண்டைக்கு அருகே வந்துபோயின. அந்தத் தொண்டையிலிருந்து உண்மை மட்டும் வெளியே வரவில்லை!

அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு மாதையன் அண்ணன் வந்திருந்தார். கோயிலில் இருந்து வீட்டுக்கு வந்தவர்களிடம், "இன்னிக்கும் புதுசா வர்ற பசங்களுக்கு அண்ணன் கதையத்தானுங்க சொல்றோம். சவரியண்ணனே பெத்த புள்ளைக்குப் பட்டைய மறந்துட்டாரு, நீயெல்லாம் எம்மாத்திரம்டான்னு" என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா அண்ணா என்றும் கேட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? பட்டையைத் தளர்த்தியதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நீங்கள் மன்னித்துவிடக்கூடும். இன்னும் ஒன்று இருக்கிறது.

அப்பா படுக்கையில் விழுந்த கடைசி நாட்கள். மதிய வேளை. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"கண்ணு... ஒன்னு கேக்கட்டுமா?"

"கேளுங்கப்பா."

"அன்னிக்கி வரிசையில நீ கடைசியா நின்னது வரைக்கும் ஞாபகம் இருக்குது. அதுக்கப்புறம் ஒன்னும் தெளிவா வரமாட்டேங்குது. எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்துட்டேன். உன்ற பட்டைய நான் இழுத்தனா சாமி?"

நான் தளர்த்தினேன் என்றுகூடச் சொல்லியிருக்க வேண்டாம். இழுத்தீங்கப்பா... இந்த ஒரு சொல் போதும்! அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. நல்ல கைடாகச் செத்திருப்பார்.

"ஞாபகமில்லீங்கப்பா" என்றேன்.

"அதுஞ்சரி... நீ சின்னப் புள்ள, உனக்கெங்க ஞாபகம் இருக்கப்போகுது." சற்றுநேரம் மூச்சு வாங்கினார். "நாந்தான் உட்டிருப்பன். நீ தண்ணிக்குள்ள போனத நெனச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது கண்ணு. அப்பாவ மன்னிச்சிரு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிட்டேனுங்கப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினார். எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்தபடி, அம்மா கஞ்சி கொண்டுவரும் வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.