தன் பெயரில் எழுதச் சொன்ன கேட்சர்

முத்துமாரி சனிக்கிழமை காலை இறந்துவிட்டதை மதுரை மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு மருத்துவர் தொலைபேசியில் உறுதிசெய்தார். எம். புதுப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்துக்குத் தன் கைத்தவறே காரணம் என்று முந்தைய நாள் அவர் மாஜிஸ்திரேட்டிடம் மரண வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

பள்ளி சாஃப்ட்பால் அணியில் அவரோடு ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேஸ்பால் போன்ற ஆட்டம்தான். பந்து மட்டும் பெரியது. மட்டையாளருக்குப் பின்னால் முகமூடியோடு குத்தவைத்திருக்கும் கேட்சர், முத்துமாரி. பந்து தன்னைத் தாண்டிவிட்டால் அவர் திரும்பித் தேடமாட்டார். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்து வீசும் பிட்சர் பாண்டிச்செல்வி கைகாட்டும் பக்கம் பாய்வார். "தேடிக்கிட்டு நின்னா அவுக ஓடி முடிச்சிருவாக. இவ கையைப் பார்த்தாப் போதும்" என்பார்.

திருத்தங்கலில் நடந்த ஒரு போட்டிக்குச் செய்தி எடுக்கப் போன என்னையே ஸ்கோர் எழுத உட்காரவைத்தார்கள். பாண்டிச்செல்வி வீசிய பந்து தரையில் குத்தி வெகுதூரம் விலகிப் போனது. அதற்குள் எதிரணி எடுத்த ஓட்டத்தில் தோற்றார்கள். பிட்சரின் தவறு என்று எழுதினேன். முத்துமாரி வந்து நின்றார்.

"சார், எம் பேருல எழுதுங்க."

"அதை யாராலும் பிடிக்க முடியாதேம்மா."

"இன்னொரு தப்பு இவ பேருல விழுந்தா பி.டி. சார் இவளை உட்கார வச்சிருவாரு. என்னைய உட்கார வைக்க வேற கேட்சர் எங்கன இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் நீ தானம் பண்ண வேண்டாம்டி" என்றார் பாண்டிச்செல்வி.

"போடி, மொதல்ல பந்தை நேராப் போடு."

மாற்றி எழுதினேன். தெரிந்தே நான் எழுதிய பொய் அது.

பள்ளி முடித்த பின்னர் இருவரும் ஒரே ஆலையில், ஒரே அறையில் வெடிமருந்து அடைத்தார்கள். விபத்து நடந்தபோது பாண்டிச்செல்வி தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார். அடக்கம் முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"முந்தின நாள் மிச்சமான மருந்து சார். தானாவே தீப்பிடிக்கும், அதைத் தொடவே கூடாது. ஃபோர்மேன்தான் சீசன் நேரம், வீணாக்காதேன்னாரு. எடுத்துக் குடுத்தது நான். எனக்குக் கேசு வந்திரக் கூடாதுன்னு இப்படிச் சொல்லிட்டுப் போயிட்டா. எம் பேரைப் போட்டே எழுதுங்க."

ஃபோர்மேனிடம் கேட்டேன். "செத்தவளே சொல்லிட்டா, பிறகென்ன சார்?" என்றார். அந்த வாக்குமூலம் ஆலையையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. முத்துமாரி அதை நினைத்திருக்கமாட்டார்.

தோழிக்காக அடம்பிடித்த அந்தக் குரல்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. சோதனைக்கு அனுப்ப அறையில் மருந்து எதுவும் மிஞ்சவில்லை. தன்னை விசாரிக்கும்படி பாண்டிச்செல்வி கொடுத்த மனு விசாரணை அதிகாரியிடம் இருக்கிறது. மரண வாக்குமூலம் இருக்கும்போது வேறு சாட்சி தேவைப்படாது என்கிறார் அங்குள்ள எழுத்தர். மனுவுக்கான பதில் வருகிற திங்கட்கிழமை கிடைக்கும்.