எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஷமீனாவின் ஆட்டம்

ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டர் புகை வாசனை... எங்கே அடித்தாலும் நான் ஒரு நொடி நின்றுவிடுவேன். ஷமீனா வேலை முடிந்து வந்தால் துப்பட்டாவில் அந்த வாசனைதான் இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

ஜூஜுவாடியில் ஹைவேயை ஒட்டி எங்களுக்கு ஒரே ஒரு ரூம். லாரி போனால் ஜன்னல் கதவு அதிரும். நான் அஞ்செட்டிக்காரி. அவள் கிருஷ்ணகிரி, அப்பா மாம்பழ வியாபாரி. இரண்டு பேருக்கும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. ஆனால் எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவளுக்கு மதியம். அடுத்த வாரம் மாறும், ஆனாலும் எதிரெதிராகத்தான் மாறும். ஒருத்தி விழித்திருந்தால் இன்னொருத்தி தூங்குவாள், இல்லை கம்பெனியில் இருப்பாள். இருவரும் கண் திறந்து பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

என்னிடம் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. லைனை விட்டு எப்படியாவது கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று, ஒரு பழைய புத்தகத்தை வைத்து சி புரோகிராமிங் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பயிற்சி... இரண்டு பேர் ஆடும் கட்ட விளையாட்டு எழுத வேண்டும். எட்டுக்கு எட்டு கட்டம். எனக்கு X, அவளுக்கு O. நான்கு ஒரே கோட்டில் சேர்ந்தால் ஜெயம்.

எழுதிவிட்டேன். ஆனால் அது இருந்த லட்சணம்! அவள் போட்ட O மேலேயே என் X போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டம் காலியா என்று பார்க்கச் சொல்லவே மறந்திருந்தேன். ஒரு ஞாயிறு அவள் எண்ணுக்குப் பதில் தன் பெயரை அடித்துவிட்டாள். அவ்வளவுதான், திரை நிற்காமல் ஓட ஆரம்பித்துவிட்டது.

“அய்யோ, பேய் புடிச்சிக்கிச்சு டி உன் லேப்டாப்புக்கு!” என்று சேரில் ஏறி நின்றுகொண்டாள்.

அணைத்தால் ஆட்டம் அழிந்துவிடும் என்பதால், கட்டத்தை ஃபைலில் சேமிக்கக் கற்றுக்கொண்டேன். உண்மையான விளையாட்டு அப்போதுதான் ஆரம்பித்தது. நாளுக்கு ஆளுக்கு ஒன்று. நான் ஷிப்ட் முடிந்து வந்து ஒன்று போடுவேன், அவள் வந்து ஒன்று போடுவாள். அவள் போடாமல் நான் மறுபடி போட முடியாது. “ஷமீனா டர்ன்” என்று காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

“நான் வரலன்னா நீயே போட்டுக்கிற மாதிரி வெய்யி டி.”

“அதெல்லாம் முடியாது. ரூல்னா ரூல்தான்.”

எனக்கு அப்போது அவ்வளவு திமிர்.

முதலில் குறுக்கு வரிசை எண், அப்புறம் நெடுக்கு வரிசை எண் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் மாற்றித்தான் அடிப்பாள். அதை வைத்து அவளை எவ்வளவு ஓட்டியிருக்கிறேன்...

காலையில் எழுந்ததும் புதிதாக ஒரு O இருந்தால் அவள் வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். போர்வைக்குள் இருக்கும் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். புதன்கிழமை எழுந்து பார்த்தால், ஏழு, இரண்டு என்று போட்டு என்னை மறிக்க வேண்டியவள் இரண்டு, ஏழு என்று போட்டிருந்தாள். வழக்கம்போல மாற்றிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டேன். மதியம் வந்து மூன்றாவது X-ஐ வைத்தேன். இரண்டு பக்கமும் காலி. இனி அவள் எங்கே போட்டாலும் அடுத்தது என் ஜெயம்தான்.

வியாழன் காலை ஆசையாகத் திறந்தேன். “ஷமீனா டர்ன்.”

போடவே இல்லை. தோற்கப் போவது தெரிந்து அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்று எனக்குக் கோபம். லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இரு டி... போடுறேன்.”

“ஒண்ணும் வேணாம். நீ தூங்கு.”

சொல்லிவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

மூன்று மணிக்குத் திரும்பினால் கேட்டிலேயே ஓனரம்மா. அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் பாதித் தமிழ்.

“ஏம்மா, ஆ புள்ளைக்கு ரெண்டு நாளா ஜொரம் கொதிக்குது. ஒரே ரூம்ல இருக்கீங்க... நீ பாக்கலியா?”

மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய் வந்திருக்கிறாள். ஓனரம்மாதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அவளுடைய அப்பா வந்து கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போய்விட்டார். டெங்கு என்றார்கள். காய்ச்சல்தானே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதானே நாங்கள் பார்த்துக்கொள்ளும் நாள். அந்த ஞாயிறும் கிருஷ்ணகிரியில் அவள் வீட்டில், வெள்ளைத் துணிக்குள் அவளைப் பார்த்தேன். அவள்தான் கண் திறக்கவில்லை.

அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதானாம்மா கௌரி? ‘கௌரி கோவிச்சுக்கிட்டா, லேப்டாப்ப எடுங்க’ன்னு ஜொரத்துல பொலம்பிட்டே இருந்துச்சும்மா.”

கையை விடுவித்துக்கொண்டு வந்து பஸ் ஏறிவிட்டேன். இன்றுவரை அந்த வீட்டுக்கு நான் மறுபடி போகவில்லை.

இப்போது அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. டீமில் பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. யாராவது வழக்கமான தப்பையே செய்தாலும், திருத்தச் சொல்வதற்கு முன் போன் போட்டு “உடம்பு நல்லாருக்குதா?” என்று கேட்டுவிடுகிறேன். கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்த ஃபைலை லேப்டாப் மாறும்போதெல்லாம் கூடவே எடுத்து வருகிறேன். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் நானே போட்டு ஜெயித்துவிடலாம்... மாற்றவில்லை. இன்றைக்குத் திறந்தாலும் அவள் ஆட்டம்தான்.

அந்த வியாழன் காலை நான் லேப்டாப்பை மூடியபோது அவளுடைய பாய்க்கும் எனக்கும் மூன்றடி தூரம்கூட இருக்காது.