என் நெஞ்சில் நடந்த பரீட்சை

“…அதுக்கு மார்க்ஸ் போடுறது நாங்கள் அம்மா, வருத்தக்காரர் இல்லை. நீங்கள் இந்தியாவில இருந்து வந்தனீங்கள், இங்கத்தைய முறை உங்களுக்கு விளங்காது” என்று சொல்லிக்கொண்டே பேனாவை மூடினார் என் கிளினிக் டொக்டர், வெள்ளவத்தைக்காரர். தூத்துக்குடியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். கொழும்பில் மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் டொக்டர்களின் திறமையை எடைபோட, கிளினிக்குக்கு வரும் வருத்தக்காரர்களான, அதாவது நோயாளிகளான, எங்களையே கூப்பிட்டுக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். நோயின் பெயரை மட்டும் நாம் சொல்லக் கூடாது. சுருங்கிப்போன என் இதய வால்வின் சத்தம் அபூர்வமானதாம். அதனால் எனக்கும் அழைப்பு. “நெஞ்சை வாடகைக்கு விட்டிட்டீங்களா மச்சாள்?” என்று கொட்டாஞ்சேனை வீட்டில் என் நாத்தனார் வாசல்வரை வந்து கேலி செய்தாள்.

முதலில் வந்த பையன் கெட்டிக்காரன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தான், கேட்டான், என் தலைக்கு மேலாகப் பரீட்சகர்களான என் கிளினிக் டொக்டரிடமும் இன்னொருவரிடமும் இங்கிலீஷில் நோயின் பெயரைச் சொன்னான். சரியான பெயர்தான். ரவிக்கைக் கொக்கி திறந்தபடி என்னை விட்டுவிட்டுப் போனான். கூரையைப் பார்த்துக் கிடந்த எனக்கு ஊர் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சலில் துவண்டவளை அம்மா தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த டாக்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று அம்மாவைத் திட்டிவிட்டு ஊசி போட்டார். கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தேன். இங்கேயும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்து வந்தது ஒரு சிங்களப் பிள்ளை. முதல் வேலையாகத் திரையை இழுத்துவிட்டாள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே, தட்டுத் தடுமாறிய தமிழில் என் வீட்டுப் படிகளைப் பற்றி விசாரித்தாள். பிறகு, “அம்மா, வெளிய போற நாள்ல தண்ணிக் குளிசை குடிக்கிறதா?” என்றாள். உடம்பில் தேங்கும் நீரை இறக்குகிற மாத்திரை அது. போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். பஸ்ஸில் கொழும்பின் ஒரு முனையான கொட்டாஞ்சேனையிலிருந்து மறு முனையான வெள்ளவத்தைக்குப் போகிற பெண் எங்கே ஒதுங்குவாள்? நானோ நாலு பேர் வாய்ப்பேச்சைக் கேட்காவிட்டால் தூக்கம் வராதவள். வீட்டில் அடங்கி இருக்கும் நாள் குறைவு. இத்தனை வருஷத்தில் எந்த டொக்டரும் கேட்காத கேள்வி. “இல்ல மகள், இன்னைக்கும் போடல” என்றேன். குனிந்து என் கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கப்போனபோது கொடுத்த நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. கொக்கியை மாட்டிவிட்டு, கண் கலங்கி வெளியே போனாள். வால்வுச் சத்தத்தையே கேட்கவில்லை, பாவம், இந்த முறையும் போச்சு என்று பரீட்சகர்கள் பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நானும் மார்க் போட வேண்டும் என்றேன். அதற்கு வந்த பதில்தான் மேலே நீங்கள் பார்த்தது. ஊருக்குப் போனால் நான் சிலோன்காரி, இங்கே இந்தியாக்காரி. இரண்டையும் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறவள் நான். அன்று சிரிக்கவில்லை.

“நான் எந்த ஊர்க்காரியாவும் இருந்துட்டுப் போறேன் டொக்டர். எனக்கு மூச்சு வாங்குறது கொட்டாஞ்சேனைப் படியிலதான். கால் வீங்கியிருக்குன்னு நீங்க குளிசையக் கூட்டிக்கிட்டே போனீங்க. பாதி நாள் நான் அதத் தொடுறதே இல்ல. ஏன்னு நீங்க கேக்கல. அந்தப் பிள்ளை கேட்டுச்சு. அதுக்கு என்ன மார்க்?”

ஒரு கால் செருப்புக்குள், வீங்கி நுழையாத மறு கால் வெறுந்தரையில். அப்படியே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்து, தேநீருக்குக் கிளம்பியிருந்த மற்றப் பரீட்சகரைக் கை காட்டித் திரும்பக் கூப்பிட்டார்.