முடிச்சுப் போட்ட புண்ணியம்

டக டக். டடக் டக். இரண்டு இரும்புத் தகடுகள் சூடான கல்லில் றொட்டியைக் கொத்தும் அந்தச் சத்தம் எந்தத் தெருவில் கேட்டாலும் எனக்கு எச்சில் ஊறும். அடுத்த நொடி முட்டையும் வெங்காயமும் கறியும் ஒன்றாய் வேகும் வாசத்துக்கு அடியிலிருந்து இன்னொரு வாசம் எழும்பி வரும். அது ஒரு பசுவின் கீறிய வயிற்று வாசம்.

யுத்தகாலத்தில் கொத்துச் சத்தம் எங்களுக்கு ஒரு செய்தி. பின்னேரம் சந்தியில் அது கேட்டால் ஊர் சுகம். கேட்கவில்லையா, கதவைச் சாத்து. யுத்தம் முடிந்த கையோடு நாவற்குடாவிலிருந்து காத்தான்குடி வரைக்கும் றோட்டு முழுக்க டக டக். கோழிக் கொத்து, முட்டைக் கொத்து, சீஸ் கொத்து. காவலரண் இருந்த இடத்திலும் ஒரு கடை முளைத்தது. சமாதானம் என்றால் என்ன என்று அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால், பொழுதுபட்ட பிறகும் கொத்து வாங்கலாம் என்று சொல்லியிருப்பேன். அத்தனை சின்ன ஆசையாக எங்கள் ஆசையைத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு கொத்தும் ஒரு லஞ்ச் சீற்றில் வந்தது. வெங்காயத் தோலைப் போல மெல்லிய பொலித்தீன். அதற்குக் கால்மணி நேர வேலை. பிறகு என் ஆயுளைவிட நீண்ட ஆயுள். எங்கள் ஆற்றங்கரையில் (வாவி என்று எழுதுவோம், ஆறு என்றுதான் சொல்வோம்) உப்புச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்களில் அவை தொங்கின, யாரோ கைவிட்டுப்போன வெள்ளைக் கொடிகளாக.

எங்களிடம் ஒரு பழக்கம். மிச்சச் சோற்றைக் குப்பையில் கொட்டுவது பாவம். இலையோடு மடித்து மாட்டுக்குப் போட வேண்டும், அது புண்ணியம். கோயிற் சோறு தின்று தாமரை இலையை மடித்துப் போட்ட கை, லஞ்ச் சீற்றையும் அப்படியே மடித்தது. அது இலையைப் போல மடிந்து நிற்கவில்லை, வழுக்கி விரிந்தது. ஆகவே நாலு மூலையையும் சேர்த்து ஒரு முடிச்சு. காகம் கிளறாது, ஊர் நாறாது. நானும் போட்டேன். நன்றாக இறுக்கித்தான் போட்டேன். ஒழுங்கான ஆள் அல்லவா நான்!

அந்த முடிச்சுகளைத் தேடி வந்தது பக்கத்து வீட்டு அக்காவின் செவலைப் பசு. அக்காவின் புருஷன் சுனாமி வந்த அந்த மார்கழிக் காலையில் வலை இழுக்கப் போனவர். கடல் அவரையும் எடுத்தது, தோணியையும் எடுத்தது, வீட்டையும் எடுத்தது. பிறகு வாகனங்களில் வந்தவர்கள் 'வாழ்வாதாரம்' என்று ஒரு சொல்லையும் ஒரு நாகு கன்றையும் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சொல் அவர்களோடு போய்விட்டது. கன்று நின்று வளர்ந்து பசுவானது. அதன் பாலில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது, மகள் பள்ளிக்கூடம் போனாள். "கடல் எடுத்தத கடவுள் கொம்போட திருப்பித் தந்திரிக்கி" என்று அக்கா சிரிப்பாள்.

பசு ஏன் றோட்டுக்கு வந்தது? ஆற்றோரப் புல்தரையில் முட்கம்பி வேலி விழுந்தது. விடுதி வரப்போகிறதாம். புல்லை வளைத்துக் கட்டிவிட்டு, மாடு றோட்டில் நிற்கிறது என்று ஹோர்ன் அடித்தார்கள்.

ஒரு நாள் செவலை படுத்தது. வயிறு மத்தளம்போல ஊதியிருந்தது, இரைமீட்கவில்லை. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். "எழும்புகா... எழும்பு, என்ட கிளி. ஒரு வாய் தண்ணி குடி." மூன்றாம் நாள் மத்தியானம் அது கண்ணைத் திறந்தபடியே போய்விட்டது.

மாட்டு டொக்டர் கண்ணா மரத்தடியில் வைத்து வயிற்றைக் கீறினார். ஒரு பந்து வந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பந்து. லஞ்ச் சீற், லஞ்ச் சீற், லஞ்ச் சீற். டொக்டர் ஒன்றைப் பிரித்தெடுத்து என்னிடம் நீட்டினார். முடிச்சு அவிழவில்லை. உள்ளே றொட்டித் துண்டும் மிளகாயும் அப்படியே கிடந்தன. கறிவாசம்கூடப் போகவில்லை. அது தேடி வந்த சாப்பாட்டில் ஒரு பிடிகூட அதற்குக் கிடைக்கவில்லை. எங்கள் புண்ணியத்தை முழுங்கி முழுங்கிப் பட்டினியில் செத்திருக்கிறது.

அன்று பின்னேரமே அந்த முடிச்சோடு சந்திக் கடைக்குப் போனேன்.

"இதைப் பாருங்க முதலாளி. மாடு செத்துப்போச்சு."

அவர் தகடுகளை நிறுத்தவில்லை. "நான் றொட்டி விக்கிறவன், சேர். மாட்ட றோட்டில விட்டது ஆர்?"

"இலையில சுத்திக் குடுத்தா என்ன?"

"எண்ணெ ஒழுகும். உங்கட சேட்டில பட்டா முதல் ஏசுறது நீங்கதான்."

வரிசையில் நின்ற ஒருவன் குரல் கொடுத்தான். "அப்ப இண்டைக்கு மாட்டுக் கொத்து எண்டு சொல்லுங்க!"

கடையே சிரித்தது. என் உதடும் கொஞ்சம் கோணியது. அந்தக் கோணலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்போதுதான் முதலாளி தகடுகளைக் கீழே வைத்தார். "நான் சுத்தித்தான் குடுக்கிறன் சேர். முடிச்சுப் போட்டது ஆர்?"

டக டக் மறுபடி தொடங்கிவிட்டது.

ஒருவர் சுற்றினார், ஒருவர் முடிச்சிட்டார், ஒருவர் வேலி போட்டார், ஒருவர் ஹோர்ன் அடித்தார். எவருக்கும் எதுவும் ஆகவில்லை. அக்கா மட்டும் நாலு மாதத்தில் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். மகளை வந்தாறுமூலையில் தங்கச்சி வீட்டில் விட்டாள். மகள் கோபத்தில் பஸ் ஏற்ற வரவில்லை. கடல் பாதிக் குடும்பத்தைத்தான் பிரித்தது. மீதியை நாங்கள் பிரித்தோம், பசியாறிய கையோடு.

வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்க நினைத்து மூன்று கடை ஏறினேன். "இலையா? எந்தக் காலத்தில இரிக்கிறீங்க?" என்று சிரித்தார்கள். கொழும்பு பஸ் இரைந்துகொண்டு நின்றது. வாங்கினேன், அதே லஞ்ச் சீற்றில். முடிச்சு மட்டும் போட விடவில்லை. அதுதான் என்னால் முடிந்த வீரம்.

அக்கா யன்னலோரம் இருந்து பார்சலை வாங்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். பஸ் அசைந்தது. நான் கூடவே நடந்தேன்.

"கவனமாப் போங்க அக்கா. பசி கிடக்காதீங்க."

"ஓம். வாறன்." பிறகு தலையை வெளியே நீட்டி, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்:

"இதத் திண்டுபோட்டு எங்க தம்பி போடுற?"