மேஸ்திரி ரிகோ நீலமாக்கிய மூன்று கத்திகள்

ஒனோரே என் பக்கத்துப் பலகைக்காரர். முப்பத்தொரு வருஷமாகக் குப்புறப் படுத்தே வேலை பார்த்தவர். ஆனாலும் சோம்பேறி என்று பேர் வாங்கவில்லை. தியேர் ஊரில் கத்தி தீட்டுகிற எல்லோருமே, ஆணோ என்னைப் போன்ற பெண்ணோ, கல்லுக்கு மேலே போட்ட பலகையில் அப்படித்தான் படுப்போம். மூக்குக்கு நேர் கீழே ஈரக்கல் சுழலும், பட்டறைக்குக் கீழே ஆறு ஓடும், கால் விறைக்காமலிருக்க ஆளுக்கொரு நாய் கால்மேல் படுத்திருக்கும்.

மாலையில் எழுந்தால் கழுத்து நிமிராது. சூப் குடிக்கும்போது கரண்டி ஆடும். உடம்பாவது தூங்கினால் தேறிவிடும், புத்தி களைப்பதுதான் மோசம். அலகு தாளளவு மெலிந்து வரும் நேரத்தில் புத்தி ஒரு கணம் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் போதும், எஃகு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அந்தக் கத்தி அப்புறம் வெண்ணெய் வெட்டத்தான் ஆகும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒனோரே கையில் இரண்டு கத்தி நீலமாகிவிட்டது. மேஸ்திரி ரிகோ அவற்றை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். அவனும் ஒரு காலத்தில் பலகையில் படுத்தவன்தான். முதலாளியின் மைத்துனியைக் கட்டிக்கொண்ட பிறகு நிமிர்ந்து நிற்கிறான். சனிக்கிழமையோடு பலகையைக் காலி செய்யச் சொன்னான்.

"புத்தி தூங்குது, கிழவா. வீட்டுல போய்ப் படு. உனக்குப் படுக்கத்தானே தெரியும்."

அவன் தொப்பிக்குள் மீன் குடல் வைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒனோரேயின் யோசனை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பலகையிலிருந்து இறங்கினார்.

"நீங்க படுங்க மேஸ்திரி. ஒரு டஜன். ஒண்ணும் நீலமாகலைன்னா நான் இப்பவே கிளம்பிடறேன். ஆச்சுன்னா, என்னைப் போகச் சொல்ற பேச்சு இனி இந்தக் கூரைக்குக் கீழ வரக் கூடாது."

இருபது பேர் கல்லிலிருந்து கையெடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ரிகோவால் பின்வாங்க முடியவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தான். முதல் நாலும் அழகாக வந்தன. திறமைக்காரன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒனோரேயின் நாய் துர்கோ அவன் கால்மேல் ஏறவில்லை. எஜமான் கண்ணசைத்திருந்தால் ஏறியிருக்கும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாயாவது போயிருக்கும். அதன் கழுத்துப்பட்டையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

குளிர் அவன் காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது கண்ணுக்கே தெரிந்தது. ஏழாவது கத்தி நீலம்.

"நாயைக் கூப்பிடு" என்றான், பல் கிட்டிக்க.

"அது கிழட்டு நாய் மேஸ்திரி. புத்தி தூங்குது."

ஒன்பதும் பத்தும் நீலம். அதோடு நிறுத்திவிட்டான். எழுந்திருக்க முடியவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. பக்கவாட்டில் உருண்டு முழங்கால் போட்டு இறங்கினான். அந்த மூன்று கத்தியையும் ஒனோரே வாசல் கதவில் தலைமட்டத்தில் ஆணியடித்து மாட்டினார். ரிகோ தினமும் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறான். எனக்கு அதைப் பார்க்கவே சீக்கிரம் விழிப்பு வருகிறது.

ரிகோவைப் பழிவாங்கியாகிவிட்டது. கல்லை யார் பழிவாங்குவது? வெள்ளிக்கிழமையே ஒனோரே கையில் மறுபடி ஒரு கத்தி நீலமாகிவிட்டது. அவர் நாயைத் தடவத் திரும்பிய நேரத்தில் அவர் கூடையிலிருந்து தீட்டாத நாலு அலகை எடுத்துக்கொண்டேன், என் கல்லில் முடித்துத் திரும்பப் போட்டேன். பார்த்துவிட்டார்.

"யாருடி உன்னைக் கேட்டா?"

திருடத்தான் எடுத்தேன், மாட்டிக்கொண்டேன் என்றேன். அவர் கூடையைக் காலால் என் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.