குங்குமம் வைத்த ஆறு நோட்டுகள்

ஊட்டியில் வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது என் வேலை. எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் நான் போன தூரம், இந்தப் பக்கம் கூடலூர், அந்தப் பக்கம் கோயம்புத்தூர். ஒருமுறை ஆசைப்பட்டு எடுத்த பாஸ்போர்ட் பத்து வருஷமும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்து, ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். எங்காவது போகலாம் என்று வாயெடுத்தாலே, "லீவு யாரு குடுப்பா?" என்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் என் ஓரகத்தி வந்து நின்றாள். ஊட்டிக்குப் பக்கத்தில் எமரால்டு கிராமத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனும் அவளும். கொழுந்தன் மஞ்சூரில் உரக்கடை வைத்திருக்கிறார். போன வருஷம் யாரும் விற்காத அளவு மூட்டை விற்றுவிட்டாராம். உரக் கம்பெனி அவரையும் மனைவியையும் பாலிக்கு அனுப்புகிறது. விமானம், ரூம், சாப்பாடு, விசா எல்லாம் கம்பெனி செலவு. கைச்செலவுக்கு மட்டும் இவர்கள் பணம் கொண்டுபோனால் போதும்.

"ஏனுங்க்கா, அஞ்சு நாளுக்குக் காசு எப்படிக் கொண்டு போறதுங்க? எப்படிப் போனா கம்மியாப் புடிப்பாங்கன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்."

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அப்படியே பற்றி எரிந்தது. அவள் மேல் எனக்கு எல்லாவற்றுக்கும் பொறாமைதான். மாடியில் வெயில் விழும். ஆடி மாசத்தில்கூட அவள் துவைத்துப் போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், என் துணி மூன்று நாள் கொடியில் தொங்கி முக்கல் நாற்றம் அடிக்கும். கொழுந்தன் கடையிலிருந்து வரும்போது அவளுக்கென்று ஏதாவது பொட்டலம் இருக்கும். என்னவர் கொண்டுவருவது டீத்தூள் வாசனை மட்டும். இப்போது பாலி வேறு. அந்த ஊர் நோட்டைத் தினமும் தொடுகிறவள் நான், ஊரைப் பார்க்கப் போகிறவள் அவள்.

ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் எனக்குப் பொய் வராது. அன்று சாயங்காலம் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். விமான நிலையத்தில் மாற்றவே கூடாது, அங்கே ரேட்டைப் பார்த்தால் திரும்பி வந்துவிடலாம் போலிருக்கும். முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொண்டு போகும் பயண கார்டில் இந்தோனேசியப் பணம் ஏற்ற முடியாது. டாலராக ஏற்றினால், அங்கே ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மறுபடி மாற்றுவதற்கு ஒரு பிடித்தம். அவர்களிடம் இருக்கும் கூட்டுறவு பாங்க் கார்டு நம் நாட்டைத் தாண்டினால் வெறும் பிளாஸ்டிக். கூடுதல் பிடித்தம் இல்லாத கார்டு இருக்கிறது, ஆனால் அது வந்து சேரப் பதினைந்து நாளாவது ஆகும், இவர்களுக்கோ இருப்பது பத்து நாள். யாருடைய கார்டையாவது வாங்கிப்போய் ஏ.டி.எம். மெஷினில் எடுத்தால், "உங்க ஊர்க் காசிலேயே கழிச்சுக்கட்டுமா?" என்று நைசாகக் கேட்கும். அதற்குத் தலையாட்டினால் அங்கே ஒரு அடி.

"அதனால டாலராவே கொண்டு போ. நூறு டாலர் நோட்டு, புதுசு, மடிப்பே இல்லாதது. சின்ன நோட்டைவிட அதுக்குத்தான் அங்க நல்ல ரேட்டு. ஊருக்குள்ள இருக்கற பெரிய கடையில மாத்து. இதவிட மலிவா வேற வழி இல்ல."

"நீங்க சொன்னாச் சரிங்க்கா" என்றாள். வேறு யாரிடமும் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் கொழுந்தன் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டுமாகக் கடைக்கு வந்தார். நூறு டாலர் கட்டிலிருந்து ஆறு நோட்டை நானே பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொன்றையும் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, முனை மழுங்காததாக, பேனாக் கோடு விழாததாகப் பார்த்து, அட்டை வைத்துக் கவரில் போட்டேன். அதைவிட நல்ல நோட்டு அன்று ஊட்டியில் இருந்திருக்காது.

தப்பு நடந்தது அந்த வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தூரப் பயணம் போகும்போது வழிச்செலவுப் பணத்தைச் சாமி முன்னால் தட்டில் வைத்து மஞ்சளும் குங்குமமும் வைப்போம். மாமியார் போன பிறகு அதை வைக்கும் உரிமை மூத்த மருமகளான எனக்கு. ஓரகத்தி ஆறு நோட்டையும் பித்தளைத் தட்டில் வரிசையாகப் பரப்பியிருந்தாள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.

"வைங்க்கா. யாரு கண்ணும் படக்கூடாதுங்க."

எனக்குத் தெரியும். டாலர் நோட்டில் பேனா முனை அளவு புள்ளி இருந்தாலே அந்த ஊர்க் கடைகளில் வாங்க மாட்டார்கள். அங்கே போய்வந்த எத்தனையோ பேர் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். 'இதுல வேண்டாம், ஒரு பத்து ரூபா நோட்டை வெச்சுக் கும்பிட்டுக்கலாம்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது விஷயம். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், திறக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை சந்தோஷம் ஒரு முகத்தில் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. விரலை மஞ்சளில் தோய்த்து, நோட்டில் இருக்கும் அந்த நீளமுடிப் பெரியவரின் நெற்றியில் வைத்தேன். மேலே குங்குமம். பிறகு நாலு மூலையிலும். ஆறு நோட்டுக்கும் குறை வைக்காமல் வைத்தேன். சூடம் காட்டி அவள் என் காலில் விழுந்தாள், நான் நல்லபடியாகப் போய் வா என்று ஆசீர்வாதம் பண்ணினேன்.

அதற்குப் பிறகும் மூன்று நாள் இருந்தது. நோட்டுகளை நான் கடைக்கு எடுத்துப்போய், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி, வேறு நோட்டு வாங்கி வந்திருக்கலாம். என் பேச்சுக்கு அவர் மறுத்திருக்க மாட்டார். தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இறங்கும்போது, 'அவ கேட்டாளா, நாமா எதுக்குச் சொல்லணும்' என்று நினைப்பேன். கோயம்புத்தூருக்கு அவர்கள் கார் ஏறிய காலையில் வாசலில் நின்று கை காட்டினேன்.

அன்றிலிருந்து என் ஃபோனில் பாலி வந்து விழுந்தது. கடல், கோயில், வயல். வாசலுக்கு வாசல் ஓலைத் தொன்னையில் பூ வைத்துக் கும்பிடுகிற ஊராம் அது. கொழுந்தன் பூப்போட்ட சட்டையில், அவள் சுடிதாரில். கவுண்டரில் கூட்டம் இல்லாதபோது ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் தேடியது கடலை அல்ல. மூன்றாம் நாள், கம்பெனி கூட்டிப்போன மற்ற உரக்கடைக்காரர்களின் மனைவிகளோடு கடைத்தெருவில் எடுத்த படம் வந்தது. எல்லார் கையிலும் இரண்டு மூன்று பை. இவள் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள், கையில் ஒன்றுமில்லை.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று இரண்டு டீ குடித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் மறுபடி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தபோது அவள் சிரிப்பு சரியாக இல்லை என்று பட்டது. உதட்டை மட்டும் விரித்திருந்தாள். வழியில் இத்தலார் நிறுத்தம் வந்ததும் ஃபோனை உள்ளே வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு நேராக மாடிக்குப் போய்விட்டார்கள். வழக்கமாக அவள் கோயம்புத்தூர் போய்வந்தால்கூட என் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவாள். இந்த முறை இரண்டு நாளாகியும் படி இறங்கவில்லை. கொழுந்தன் காலையில் வண்டி எடுக்கும்போது என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போலப் போனார். என்னவர், "ப்ளேன்ல போயிட்டு வந்த அலுப்பா இருக்கும்" என்றார். அவருக்கு எப்போதும் எல்லாம் அலுப்புதான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் வேலை முடியும்வரை காத்திருந்தாள். பிறகு கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்தில் கவரைத் தள்ளினாள். ஆறு நோட்டும் அப்படியே இருந்தன. மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது, கறை மட்டும் நன்றாக ஊறியிருந்தது.

"எட்டுக் கடை ஏறி எறங்குனமுங்க. ஒருத்தரும் வாங்கல. ஒருத்தன் மட்டும் பாதிக் காசு தர்றேன்னான். எங்க கூட வந்தவங்ககிட்ட அவரு கைநீட்டிக் கேக்க வேண்டியதாப் போச்சுங்க. அந்த அவமானத்துல கடைசி ரெண்டு நாள் அவரு ரூமை விட்டே வரல." குரலை உயர்த்தவில்லை. "இங்கயும் எடுக்க மாட்டீங்களாங்க்கா?"

"கறை இருந்தா எடுக்கறதில்ல."

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

நான் நோட்டுகளை அடுக்கினேன். மறுபடி கலைத்து அடுக்கினேன்.

"அக்காவுக்குத் தெரியாம இருக்குமான்னு அவரு கேட்டாருங்க. அந்த ஊர்ல ரோட்டுல நின்னு அவருகூடச் சண்டை போட்டேன். எங்கக்கா அப்படிப்பட்டவங்க இல்லைன்னு சொன்னனுங்க."

பொய்யை அவளே தயாராகக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் வாங்கிக்கொண்டால் போதும். தெரியாது கண்ணு, சாமி காரியம்னு வெச்சுட்டேன் என்று சொன்னால், நம்பிவிட்டு எமரால்டு பஸ் ஏறியிருப்பாள். அன்று ராத்திரியே அடுப்படிக்கு வந்து பாலியில் சாப்பிட்டதைச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. கவரை இழுத்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகாமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, வரிசையில் யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

"எம்மேல இந்த எரிச்சல் எத்தன வருசமாங்க்கா?"

"பத்தொன்பது" என்றேன். அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து அத்தனை வருஷம்தான் ஆகிறது.