மடைக்காரர் கை

காட்டுமன்னார்கோயில் பக்கம் வாய்க்கால் மடையைத் திறந்து மூடும் வேலை பழனிவேலுக்கு. கடைசி வயல் புருஷனை இழந்த அமராவதியுடையது. தண்ணீர் முறை முடிந்த பிறகும் அந்த வயலுக்காக மடையை அரைமணி மூடாமல் நிற்பார். கேட்டால் மடைப்பலகை இறங்கமாட்டேன் என்கிறது என்பார். அந்தம்மாளிடம்கூட அவர் உண்மையைச் சொன்னதில்லை.

அப்பன், பாட்டன் காலத்திலிருந்து வந்த வேலை. ஒரு மடையிலிருந்து கத்தினால் அடுத்த மடைக்குக் கேட்காது, கைதான் பேச்சு. இரண்டு கையையும் இடுப்பிலிருந்து மேலே தூக்கினால், திற. ஒரு கையை மூன்று தரம் கீழே அமுக்கினால், போதும், மூடு.

மகள் இளமதி கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டே, முப்பது வயதுக்கு மேல் ரேகா டீச்சரிடம் பரதம் கற்றாள். அப்பாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்ததும் பக்கத்துக் குடிகாடு ஊரில் தன் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டாள். ஆறு மாதமாக அவருக்கு அவள் சோறு போடுகிற யாரோ ஒரு பெண். மாசியில் சிதம்பரத்தில் தனியாக ஆடப் பத்து நிமிடம் கிடைத்தது. ஆற்றைப் பாடும் பாட்டில் அப்பாவின் மடைக் கைச்சைகையை வைத்தாள். அதைப் பார்த்தாவது தன்னைத் தெரிந்துகொள்ள மாட்டாரா என்று ஏக்கம்.

"இது என்ன முத்திரை, டிராஃபிக் போலீசா?" என்று ரேகா சிரித்தாள்.

"எங்க ஊட்ல நெலமும் இல்ல, நகையும் இல்ல டீச்சர். பாட்டன் உட்டுட்டுப் போனது இந்தக் கைதான்."

அதை அப்படியே வைத்துக்கொள் என்றாள் ரேகா.

ஆடும் நாள் சாயங்காலம் அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்து, நடராசரை வேண்டிக்கொண்டு மேடை ஏறினாள். பாட்டில் வெள்ளம் வந்தது. இரண்டு கைகளையும் தூக்கினாள். பழனிவேல் விருட்டென்று எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். மடை திறக்கக் கிளம்பிவிட்டார். வெளியே பஸ் ஓடுகிற ரோடு.

இப்படி ஆகும் என்று அவள் நினைக்கவேயில்லை. அப்பா என்று கூப்பிட்டாள், திரும்பவில்லை. சலங்கையோடு இறங்கி ஓடி, அவருக்கு எதிரே நின்று, கையை மூன்று தரம் அமுக்கினாள். நின்றார். மூடியாச்சா என்று கேட்டார். மூடியாச்சு என்றாள். ஆளில்லாத மேடையில் பாட்டு மட்டும் ஓடி முடிந்தது. அவள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

பங்குனியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஷிப்ட் முடிந்து அவள் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அன்று காலையில் அவரிடமிருந்து வேலைக்குக் கிளம்பும்போது, படுத்திருங்க என்று கையை அமுக்கிக் காட்டியிருந்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பெத்த பொண்ணோ நீ. கை மட்டும் எங்க ஊட்டுக் கை. பாத்துப் போ தாயி."